எலி இதயத்தில் ரத்த ஓட்டத்தைப் படமெடுப்பது எப்படி: முதல் முறை இறங்குகிறவர்களுக்கு

என் முனைவர் பட்ட ஆய்வுத் திட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: மாரடைப்பு உண்டாக்கிய எலிகளில் இதயத் தசையின் ரத்த ஓட்டம் படமெடுத்து அளக்கப்படும். அதற்கு ஆறு மாதம் ஒதுக்கியிருந்தேன். உருப்படியான முதல் படம் கைக்கு வந்தபோது ஒன்றேமுக்கால் வருடம் ஓடியிருந்தது. ஸ்கேனருக்குள் எலி படுத்திருந்த நேரத்தை மட்டும் கூட்டினால் நாலைந்து நாள்கூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் படிவம், கையெழுத்து, செத்த எலி, வராத மருந்து, வாலில் கசிந்த ஊசி என்று போனது.

கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைப் படித்தால் எல்லாம் நாலு வரியில் முடிந்துவிடும். அந்த நாலு வரிக்கு நடுவில் என்னென்ன மாட்டிக்கொள்ளும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் செய்தது எலியில் டெக்னீஷியம் (கதிர்வீசும் ஒரு தனிமம்) வைத்து ஸ்பெக்ட் படம் (உடலுக்குள்ளிருந்து வரும் காமா கதிர்களைச் சுற்றிவந்து எடுக்கும் முப்பரிமாணப் படம்), அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மற்ற வழிகளையும் தேவையான இடத்தில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

1. முதலில் கேள்வி, அப்புறம் மெஷின்

பெரும்பாலானவர்கள் பக்கத்தில் என்ன மெஷின் இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். முதலில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லை, அது இதயத்தில் எத்தனை சதவீதம் என்று மட்டும் போதுமா? அப்படியானால் டெக்னீஷியம்-99எம் செஸ்டமிபி அல்லது டெட்ரோஃபாஸ்மின் (டெக்னீஷியத்தை ஏந்திப்போய் இதயத் தசையில் சேர்க்கும் மருந்துகள்) வைத்து ஸ்பெக்ட் எடுப்பதே நம் ஊர் நிலைமைக்கு ஒத்துவரும். ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று எண்ணாகவே வேண்டுமென்றால் பெட் ஸ்கேனுக்குத்தான் போக வேண்டும். அதற்கான நைட்ரஜன்-13 அம்மோனியாவின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 10 நிமிடம். அதாவது அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி இருக்கும் கட்டடத்திலேயே எலியும் இருக்க வேண்டும், ஆட்டோவில் வைத்துக் கொண்டுவர முடியாது. ருபிடியம்-82 இன்னும் மோசம், 75 விநாடி. ஃப்ளோரின்-18 ஒட்டிய மருந்தென்றால் 110 நிமிடம் கிடைக்கும்.

கதிரியக்கமே வேண்டாம் என்றால் 7 டெஸ்லா, 9.4 டெஸ்லா எம்ஆர்ஐயில் ரத்தத்தையே காந்தத்தால் குறியிட்டு ஓட்டத்தை அளக்கலாம், வெளியிலிருந்து மருந்து தேவையில்லை. நுண்குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி எக்கோ பார்க்கிறவர்களும் உண்டு. உயிருடன் திரும்பப் பார்க்கத் தேவையில்லை, ஒரே ஒரு நேரப்புள்ளிதான் என்றால் 15 மைக்ரான் ஒளிரும் நுண்கோளங்களைச் செலுத்தி, இதயத்தை எடுத்து எண்ணிவிடலாம். இதற்கு ஸ்கேனரே வேண்டாம். என் நண்பர் ஒருவர் இப்படி நாலு மாதத்தில் முடித்துவிட்டுப் போனார், நான் அப்போது இரண்டாவது படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரத்தம் போகவில்லை என்பதும் தசை செத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. தசை உயிரோடு இருக்கிறதா என்பதும் கேள்வி என்றால், எஃப்டிஜி (கதிர்வீசும் சர்க்கரை) வைத்து எடுக்கும் பெட்டோ கடோலினியம் சாயம் கொடுத்துத் தாமதமாக எடுக்கும் எம்ஆர்ஐயோ சேர்த்துத் திட்டமிடுங்கள். இதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் பின்னால் நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும்.

2. எலியா, சுண்டெலியா?

மரபணு மாற்றம் தேவையில்லை என்றால் எலியையே எடுங்கள். எலியின் இதயம் சுமார் 1 கிராம், இடது அறையின் சுவர் 2 மில்லிமீட்டர் பக்கம். சுண்டெலியின் இதயம் 0.1 முதல் 0.15 கிராம், சுவர் 1 மில்லிமீட்டர்கூட இல்லாமல் போகலாம். உங்கள் ஸ்கேனர் பிரித்துக் காட்டக்கூடிய அளவே 1 மில்லிமீட்டர் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறுவையிலும் வித்தியாசம் உண்டு. சுண்டெலிக்கு மாரடைப்பு உண்டாக்கிய 3 முதல் 7 நாளுக்குள் இதயம் வெடித்துச் சாவது சகஜம், ஆண் சுண்டெலிகளில் இன்னும் அதிகம். எலியில் இது அபூர்வம். நாலாவது வாரம் படமெடுக்கத் தேதி வாங்கிவைத்துவிட்டு ஐந்தாம் நாள் காலை கூண்டைத் திறந்து பார்க்கும் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

3. காகிதம் ஒன்று: நெறிமுறைக் குழு

இந்தியாவில் விலங்கு ஆய்வு எதுவானாலும், அவற்றைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவில் பதிவு பெற்ற நிறுவனத்தில்தான் செய்ய முடியும் (பழைய பெயர் சிபிசிஎஸ்இஏ, மூத்தவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்). எலி, சுண்டெலி என்றால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவே அனுமதி தரலாம். அதற்குரிய விண்ணப்பம் படிவம் பி.

குழு எப்போது கூடும் என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். சிசிஎஸ்இஏ நியமித்த வெளி உறுப்பினருக்குத் தேதி ஒத்துவராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆக, இன்று எழுத ஆரம்பித்தால் கையில் அனுமதி வர நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. எனக்கு 24 எலியின் படம் வேண்டும் என்பதால் 24 எலி கேட்டேன். 9 எலி அறுவையிலும் அதற்கடுத்த இரவிலும் போய்விட்டது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு எலிகூட வாங்க முடியாது, திருத்தம் கேட்டு மறுபடி குழுவுக்குப் போனேன், மூன்று மாதம் காலி. பழகாத கைக்கு மூன்றில் ஒரு பங்கு எலி சாவது சாதாரணம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 16 படம் வேண்டுமென்றால் 26 எலியாவது கேளுங்கள்: 30% சாவு போக 18, அதில் இதயத் தமனி நூலால் சரியாகக் கட்டுப்படாதது (மாரடைப்பை அப்படித்தான் உண்டாக்குகிறோம்), ஊசி கசிந்தது என்று இரண்டு கழிந்தால் 16. பழகுவதற்கென்று தனியாக ஆறு எலி. இந்தக் கணக்கைப் படிவத்திலேயே எழுதிக் காட்டினால் குழு ஒத்துக்கொள்ளும். கணக்குக் காட்டாமல் மொத்தமாக 40 என்று போட்டால்தான் கேள்வி மேல் கேள்வி வரும்.

படிவத்தில் இவையும் தெளிவாக இருக்கட்டும்: வலி மருந்து என்ன, எத்தனை நாள், எந்த நிலைமை வந்தால் எலியை மேலும் துன்பப்பட விடாமல் முடித்துவைப்பீர்கள் (எடை 20% குறைந்தால், வாய் திறந்து மூச்சு வாங்கினால் என்று அளவோடு எழுதுங்கள்), எத்தனை முறை மயக்கம் கொடுப்பீர்கள், படமெடுக்க வேறு கட்டடத்துக்கோ வேறு ஊருக்கோ எலியைக் கொண்டுபோவீர்களா. கடைசியாகச் சொன்னதை எழுத மறந்தவர்கள் ஏராளம். விலங்ககத்தை விட்டு வெளியே போன எலி திரும்ப உள்ளே வரலாமா என்பது அந்தந்த விலங்ககத்தின் விதி, அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கெட்டமின் இந்தியாவில் அட்டவணை எக்ஸ் மருந்து, கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது. வலி மருந்தான ப்யூப்ரநார்ஃபினும் கட்டுப்படுத்தப்பட்டதுதான். இரண்டுக்கும் விலங்கு மருத்துவரின் சீட்டும் பூட்டிய அலமாரியும் பதிவேடும் வேண்டும். அனுமதி வந்த பிறகு இதைத் தேட ஆரம்பித்தால் இன்னொரு மாதம் போகும்.

4. காகிதம் இரண்டு: கதிரியக்கம்

உங்கள் மருத்துவமனையில் நியூக்ளியர் மெடிசின் துறை இருக்கிறது, அவர்களிடம் உரிமம் இருக்கிறது, அதனால் நமக்குப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த உரிமம் அந்த அறைகளுக்கும் அந்த வேலைக்கும் கொடுத்தது. உங்கள் விலங்ககத்தில் ஒரு சிரிஞ்சு டெக்னீஷியம் வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் அனுமதி வேண்டும். எல்லாம் ஈலோரா என்ற அவர்களின் இணையதளம் வழியாகத்தான் நடக்கும், விண்ணப்பிப்பதும் நீங்களல்ல, உங்கள் நிறுவனம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, அதாவது ஆர்எஸ்ஓ, யார் என்று தேடிப்பிடித்து முதல் வாரமே ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் ஒத்துழைக்காவிட்டால் எதுவும் நகராது.

உங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் உங்கள் பெயரில் வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது என்பதால் நடுவில் கேட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்கச் சொல்வார்கள். பேட்ஜ் இல்லாமல் உங்களைக் கதிரியக்க மருந்து கையாளும் அறைக்குள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு நம் நாட்டு வரம்பு ஒரு வருடத்தில் அதிகபட்சம் 30 மில்லிசீவர்ட், ஐந்து வருடச் சராசரி வருடத்துக்கு 20. எலி வேலையில் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள், ஆனால் விரல்கள் சிரிஞ்சுக்கு மிக அருகில் இருக்கும் என்பதால் மோதிர பேட்ஜும் கேட்டு வாங்குங்கள்.

சிறு விலங்குகளுக்கான ஸ்கேனர் உங்களிடம் இல்லையென்றால் நவி மும்பை ஆக்ட்ரெக், தில்லி இன்மாஸ் போன்ற இடங்களில் வசதி இருக்கிறது. வெளியிடத்தில் செய்வதாக இருந்தால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும், உங்கள் குழுவின் கடிதம் மட்டும் போதாது. இரண்டு குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள், ஒன்று முடிந்து இன்னொன்று என்றால் வருடம் ஓடிவிடும். மருத்துவமனையில் மனிதர்களுக்கு வைத்திருக்கும் காமா கேமராவில் ஊசித்துளை கொலிமேட்டர் (சின்னத் துளை வழியாகப் படத்தைப் பெரிதாக்கும் ஈயத் தடுப்பு) மாட்டி எலியைப் படமெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பேற்றலாம், சுண்டெலிக்கு வேண்டாம். நோயாளிகள் எல்லாரும் போன பிறகு இரவு எட்டு மணிக்குத்தான் கிடைக்கும், அந்த நேரத்தில் டெக்னீஷியத்தில் என்ன மிச்சமிருக்கும் என்பதைக் கீழே பாருங்கள்.

5. செலவு

எலி மலிவு. பதிவுபெற்ற வளர்ப்பிடத்தில் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் முடியும். எங்களுக்கு 6-0 தையல் நூல் பெட்டிகளுக்கு ஆன பணம் எலிகளுக்கு ஆனதற்குச் சமமாக வந்தது. பெரிய செலவு மூன்று: ஸ்கேனருக்கு மணிக்கணக்கில் கட்டும் பணம், ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுக்கும் கருவி, வெளியூர் என்றால் தங்கும் செலவு. ஸ்கேனர் கட்டணம் கேட்கும்போது மணிக்கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள். எலியை மயக்கி, மின்முனை ஒட்டி, படுக்கையில் பொருத்தும் 20 நிமிடத்துக்கும் சில இடங்களில் பணம் எண்ணுவார்கள். சிடி சேர்த்து எடுத்தால் தனிக் கட்டணமா, படத்தை மறுகட்டமைத்துத் தருவார்களா, மூல தரவு கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

செஸ்டமிபி கோல்டு கிட் (டெக்னீஷியம் கலக்காத மருந்துக் குப்பி) நவி மும்பை பிரிட் நிறுவனத்திடம் கிடைக்கும், ஒரு குப்பி பல எலிகளுக்குப் போதும். உங்கள் பர்ச்சேஸ் பிரிவு இதற்கும் மூன்று கொட்டேஷன் கேட்கலாம். நியூக்ளியர் மெடிசின் துறை நோயாளிகளுக்காக வாங்கும்போது அதோடு சேர்த்து இரண்டு குப்பி வாங்கச் சொல்லி, பணத்தை உள்கணக்கில் மாற்றிக்கொடுப்பதுதான் சுலபம். எங்களுக்கு இந்த யோசனை தோன்ற இரண்டு மாதம் ஆனது.

6. அறுவை: முதல் இருபது நிமிடம்

எலி வந்து ஒரு வாரமாவது புது இடத்துக்குப் பழகட்டும். 250 கிராம் எலிக்கு 16 கேஜ் கேனுலாவைக் குழாயாக வைத்து, வென்டிலேட்டரில் நிமிடத்துக்கு 70 முதல் 80 மூச்சு, ஒரு மூச்சுக்கு 2.5 மில்லி என்று ஆரம்பிக்கலாம். இடது பக்க விலா இடைவெளியைத் திறந்து, இடது ஏட்ரியத்தின் (மேலறையின்) நுனிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே 6-0 நூலைப் போட வேண்டும். தமனி கண்ணுக்குத் தெரியாது, எலியில் அது தசைக்குள் புதைந்து ஓடுகிறது. மனித இதயப் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடினால் கிடைக்காது. இடத்தை வைத்துத்தான் ஊசி போடுகிறோம், அதனால்தான் ஒரே கையில் கட்டிய எலிகளிலேயே பாதிப்பின் அளவு ஏற்ற இறக்கமாக வரும்.

நூலை இறுக்கியதும் முன்சுவர் வெளிறுவதைப் பார்க்கலாம், சாயம்போன ரோஜா நிறத்தில். ஈசிஜி கோட்டில் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறும். இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும் நூல் சரியான இடத்தில் விழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் முதல் 20 நிமிடம் நகராதீர்கள். துடிப்பு தாறுமாறாகிச் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நான் கையுறையைக் கழற்றிக் கைகழுவப் போன நேரத்தில் இரண்டு எலி போனது.

கட்டாமல் நூலை மட்டும் ஓட்டி எடுத்த ஷாம் எலிகளை ஒவ்வொரு அறுவை நாளிலும் ஒன்றாவது கலந்து செய்யுங்கள். எல்லா ஷாமையும் கடைசி வாரத்தில் மொத்தமாகச் செய்தால் அதற்குள் உங்கள் கை தேர்ந்திருக்கும், ஒப்பீடு கெட்டுவிடும்.

7. டெக்னீஷியம் நாள்: கடிகாரத்தைப் பாருங்கள்

டெக்னீஷியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு ஜெனரேட்டரிலிருந்து (மாலிப்டினம் சிதைந்து டெக்னீஷியம் உருவாகும் ஈயப் பெட்டி) எடுத்ததில் (எங்கள் டெக்னீஷியன் 'பால் கறந்தாச்சு' என்பார்) மாலை 4 மணிக்கு 40% தான் மிச்சம். இரவு 8 மணிக்கு கால்வாசி. ஜெனரேட்டரும் வாரம் முழுக்க ஒரே மாதிரி கறக்காது. உள்ளே இருக்கும் மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணி, அதனால் திங்கள் கறந்ததில் பாதிகூட வியாழனன்று வராது. எலி நாளைத் திங்கள், செவ்வாயில் வையுங்கள். வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன் என்று தாராளமாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, செறிவு. எலிக்கு 3 மில்லிகியூரி (கதிரியக்கத்தின் அளவு) போட வேண்டும், திரவம் அரை மில்லிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குக் கலந்ததில் மீந்ததை மதியம் கொடுப்பார்கள், மில்லிக்கு 4 மில்லிகியூரிதான் இருக்கும், முக்கால் மில்லி போட வேண்டிவரும். அதனால் முதல் நாளே சொல்லிவையுங்கள்: தனிக் குப்பி, மில்லிக்கு 10 மில்லிகியூரிக்குக் குறையாமல். காலை 10 மணிக்கு 0.3 மில்லி போதுமென்றால் 1 மணிக்கு அதே 3 மில்லிகியூரிக்கு 0.42 மில்லி ஆகும். இந்தக் கணக்கை முந்தின நாள் இரவே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், கையுறையோடு கால்குலேட்டர் தட்ட முடியாது.

செஸ்டமிபியைக் கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும், ஆற 15 நிமிடம். டெட்ரோஃபாஸ்மினுக்கு இந்தக் கொதிக்கவைக்கும் வேலை இல்லை. கலந்த 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். தூய்மைச் சோதனையை விடாதீர்கள், 90%க்குக் கீழே வந்தால் அன்றைய எலிகளை மயக்கவே வேண்டாம். அவசரத்தில் சோதிக்காமல் நாலு எலி படமெடுத்தேன். நாலிலும் இதயத்தைவிட வயிறும் தொண்டையும் பளிச்சென்று இருந்தன, மருந்தோடு ஒட்டாத டெக்னீஷியம் போய்ச் சேரும் இடங்கள் அவை.

8. ஊசி: உண்மையில் படம் எடுக்கப்படுவது இங்கேதான்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது, எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. செஸ்டமிபி ரத்தத்தில் ஏறியதும் ஓரிரு நிமிடங்களில் ஓட்டத்துக்கு ஏற்ப இதயத் தசைக்குள் புகுந்து மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் பெரிதாக நகராது. ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேனரில் நீங்கள் பார்ப்பது ஊசி போட்ட அந்த ஓரிரு நிமிட ரத்த ஓட்டத்தைத்தான். எலி அப்போது நடுங்கிக்கொண்டிருந்தால் நடுங்கும் எலியின் படம், குளிர்ந்திருந்தால் குளிர்ந்த எலியின் படம். ஸ்கேனரில் எத்தனை கவனமாக இருந்தும் அதை மாற்ற முடியாது.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. தமனியைக் கட்டி அவிழ்க்கும் முறையில், கட்டு இருக்கும்போதே ஊசி போட்டுவிட்டு அப்புறம் அவிழ்த்தால், ஆபத்தில் இருந்த பகுதி எவ்வளவு என்பது படத்தில் உறைந்து நிற்கும். எலியை நிலைப்படுத்திவிட்டு ஆற அமரப் படமெடுக்கலாம்.

அதனால் ஊசி நேர நிலைமையை எல்லா எலிக்கும் ஒரே மாதிரி வையுங்கள். ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் ஊசி போடுவதென்றால் எல்லாமே அப்படி: 3 முதல் 4% இல் மயக்கி, 1.5 முதல் 2% இல் நிறுத்தி, சரியாகப் பத்தாவது நிமிடம் ஊசி. ஐசோஃப்ளூரேனே இதயத் தமனிகளை விரிக்கும் மருந்து, ஒரு எலிக்கு 1.5, இன்னொன்றுக்கு 2.5 என்று வைத்தால் நீங்கள் அளப்பது மயக்க மருந்தைத்தான். மலக்குடலில் வெப்பமானி, கீழே சூடான பலகை, 37 டிகிரி. இதயத் துடிப்பு 300க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சைக் கையில் எடுங்கள்.

அடுத்து, ஊசி ஏற்றும் வாலின் ரத்தக்குழாய் (சிரை). 40 டிகிரி வெந்நீரில் வாலை இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தால் இரண்டு பக்கமும் நீலக்கோடு எழும்பும். 24 கேஜ் கேனுலாவை வாலின் நுனிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், தவறினால் மேலே வர இடம் இருக்கும். முதலில் வெறும் சலைன் 0.1 மில்லி தள்ளிப் பாருங்கள். கோடு ஒரு கணம் வெளுத்துத் திரும்ப நீலமானால் உள்ளே இருக்கிறீர்கள். வெள்ளையாக ஒரு கொப்பளம் எழும்பினால் வெளியே. சிரிஞ்சில் உள்ள கதிரியக்கத்தை ஊசிக்கு முன்னும் பின்னும் அளந்து குறியுங்கள், செஸ்டமிபி பிளாஸ்டிக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் ஆரம்பிக்கும்போது வாலையும் சேர்த்து ஒரு நிமிடப் படம் எடுத்துவிடுங்கள். வாலில் பளிச்சென்று ஒரு புள்ளி நின்றால் மருந்து கசிந்திருக்கிறது, அந்த எலியைக் கணக்கிலிருந்து எடுங்கள். எங்கள் முதல் தொகுதியில் இந்த வால் படம் எடுக்கவில்லை. மாரடைப்பு பெரிதா ஊசி கசிவா என்று பிரிக்கவே முடியாமல் ஐந்து எலியின் தரவைத் தூக்கிப் போட்டேன்.

9. ஸ்கேனர்

ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையே 45 முதல் 60 நிமிடம் விடுங்கள், கல்லீரலில் சேர்ந்த மருந்து கொஞ்சம் வெளியேறட்டும். கல்லீரலும் குடலும் பளபளத்தால் அந்த ஒளி இதயத்தின் கீழ்ச்சுவரில் வழியும், அங்கே இருக்கும் குறை மறைந்துவிடும். நோயாளிகளுக்குச் செய்வதுபோல எலிக்கும் பால் கொடுத்தால் பித்தப்பை சுருங்கி மருந்து சீக்கிரம் வெளியேறுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கொடுத்தும் பார்த்தோம். எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்பது அடுத்த நாள்தான் உறைத்தது. சுண்டெலிக்கு உண்டு.

ஒரு எலிக்கு ஸ்கேன் மட்டும் 30 முதல் 60 நிமிடம். ஈசிஜி மின்முனைகளை முன்னங்கால்களிலும் ஒரு பின்னங்காலிலும் ஒட்டி, துடிப்போடு இணைத்து, ஒரு துடிப்பை 8 படங்களாகவாவது பிரித்து எடுங்கள். துடிப்போடு இணைக்காவிட்டால் அசையும் சுவர் மங்கித் தடித்துத் தெரியும். பாதியில் சிக்னல் போனால் மொத்தமும் போச்சு, ஜெல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் களிம்பு தடவ மறக்காதீர்கள், மயக்கத்தில் எலி கண் மூடாது. ஒரு நாளில் நாலு எலி. ஆறு முடியும் என்று உங்கள் கைடு சொல்வார், அவர் அந்த அறையில் இருக்கப்போவதில்லை.

10. படத்தைப் பார்க்கும்போது ஏமாறாமல் இருக்க

நாலு வாரமான எலியில் பாதித்த சுவர் மெலிந்து வடுவாகியிருக்கும். ஸ்கேனரால் பிரிக்க முடியாத அளவு மெல்லிய சுவர், உள்ளே ரத்த ஓட்டம் ஓரளவு இருந்தாலும், இருட்டாகத்தான் தெரியும். எக்கோவில் சுவரின் தடிமனை அளந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஓட்டம் இத்தனை குறைந்தது என்று எழுதாதீர்கள். என் கட்டுரைக்கு வந்த முதல் கேள்வியே இதுதான்.

அதிகபட்ச ஒளியில் 50%க்குக் கீழே இருப்பதைக் குறை என்று எடுக்கலாம், 60% என்றும் எடுக்கலாம். எதுவானாலும் படங்களைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள், ஷாம் எலிகளில் அந்த வரம்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குறை காட்டுகிறதா என்று சரிபாருங்கள். படத்தில் குறையின் எல்லையைக் கோடு போடுகிறவருக்கு எது எந்தக் குழு எலி என்று தெரியக் கூடாது. மனித இதயத்துக்கான மென்பொருளில் எலிப் படத்தைப் போட்டால் அளவு பொருந்தாமல் தடுமாறும். படத்தின் ஒரு புள்ளியின் அளவைப் பெருக்கி ஏமாற்றுவார்கள். அப்படிச் செய்தால் வரும் கன அளவைத் திரும்ப வகுக்க மறக்காதீர்கள், 40 மில்லி இதயத்தோடு ஒரு எலியை நான் ஆய்வரங்கில் காட்டியிருக்கிறேன்.

11. இதயத்தை எடுத்த பிறகு

படம் சொல்வதைச் சரிபார்க்க இதயத்தை எடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும். தமனிக் கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு நாளில் எடுக்கும் எலி என்றால் டிடிசி சாயம்: இதயத்தை 20 நிமிடம் உறையவைத்து, 2 மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்டி, 1% கரைசலில் 37 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். உயிருள்ள தசை செங்கல் சிவப்பு, செத்தது வெளிறிய மஞ்சள். அவிழ்த்த ஒரு மணி நேரத்திலேயே எடுத்தால் சாயம் சரியாகக் காட்டாது, மூன்று மணி நேரமாவது போகட்டும். நாலு வார வடுவுக்கு டிடிசி வேண்டாம், மேசன் ட்ரைக்ரோமில் வடு நீலமாகத் தெரியும். வில்லை எந்த மட்டத்தில் வெட்டியது என்று எழுதாவிட்டால் படத்தோடு பொருத்தவே முடியாது, நுனியிலிருந்து அடிவரை எண் போடுங்கள்.

உடலையும் பஞ்சையும் உடனே குப்பைக்கு அனுப்பக் கூடாது. பத்து அரை ஆயுள், அதாவது 60 மணி நேரம், தேதி எழுதி ஒட்டிய பையில் போட்டுத் தனி ஃப்ரீசரில் வையுங்கள். அப்புறம் சர்வே மீட்டரில் பார்த்து, சுற்றுப்புற அளவுக்கு இறங்கியிருந்தால் பதிவேட்டில் எழுதி மஞ்சள் பையில் போடலாம். உயிரோடு வைத்திருக்கும் எலியின் சிறுநீரும் கதிர்வீசும், மூன்று நாள் தனிக் கூண்டு, அதில் பரப்பிய உமியும் அதே ஃப்ரீசருக்கு. கூண்டின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். விலங்ககத்தில் அதிகாலையில் கூண்டு மாற்றுகிற அண்ணனுக்கு கதிர்வீச்சைக் குறிக்கும் அந்த மூன்று இலை மஞ்சள் சின்னம் மட்டும் பார்த்தால் புரியாது, எங்களிடத்தில் அவர் அதை உரப்பை விளம்பரம் என்று நினைத்துக் கழற்றி வைத்திருந்தார்.